முன்னறியாமைச் சான்று

எங்கள் கல்லூரியில் நன்றாகப் படம் எடுப்பது குற்றம் கிடையாது. மதிப்பெண் கிடைக்காது, அவ்வளவுதான். சேர்க்கையின்போதே யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் அம்மாவும் இவ்வளவு அலைந்திருக்க மாட்டோம்.

அது ஊடகத் தயாரிப்புக் கல்லூரி. வாசல் பலகையில் கேமரா, மைக், கத்தரிக்கோல் எல்லாம் வரைந்திருக்கும். உள்ளே போனால் அவற்றைக் கண்ணால் பார்ப்பது கொஞ்சம் சிரமம். கேமராக்கள் அலமாரியில் இருக்கும், அலமாரி ஓர் அறையில் இருக்கும், அறையின் சாவி ஓர் உதவியாளரிடம் இருக்கும், உதவியாளர் விடுப்பில் இருப்பார். ஆனால் அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. ஏனென்றால் படத்துக்கு நூற்றுக்குப் பத்து மதிப்பெண்தான். மீதி முழுவதும் மீள்பார்வைக் கட்டுரைக்கு.

மீள்பார்வைக் கட்டுரை என்றால், படத்தை எடுத்து முடித்த பிறகு, அதை எடுத்ததில் எனக்குள் என்னென்ன திறமைகள் முளைத்தன, எங்கே விழுந்தேன், எப்படி எழுந்தேன், எழுந்தபோது மனம் என்ன பாடுபட்டது என்று உருகி உருகி எழுதுவது. இதற்கென்றே ஒரு மையம் இருந்தது. முன்பு அது ஒலிப்பதிவு அறை. சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்ததால், உட்கார்ந்து அழுவதற்குத் தோதான இடம் என்று கண்டுபிடித்து, மைக்குகளை வெளியேற்றிவிட்டு ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் காகிதப் பெட்டியும் உண்டு. அந்தக் கல்லூரியில் ஒருநாளும் தீர்ந்துபோகாமல் நிரப்பி வைக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

முதல் நாள் துறைத்தலைவர் எங்களை வரவேற்றுப் பேசினார். மேடையில் ஏறிவிட்டால் அவருக்கு மனிதர் பேசும் மொழி மறந்துவிடும்.

"படம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கையில் செல்போன் வைத்திருப்பவன் எல்லாம் எடுக்கிறான். நாமும் அதையே செய்தால் நமக்கு எதற்குக் கட்டடம்? இக்கல்லூரி தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, நம் மாணவர் ஒருவர்கூடப் படம் எடுத்துப் பிழைத்ததாக ஒரு புகார் வந்ததில்லை. ஆனால், எடுக்காத படத்தைப் பற்றிக்கூட நாற்பது பக்கம் எழுதச் சொல்லுங்கள். அங்கே நிற்பான் நம் மாணவன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் தட்டினேன்.

என்னைக் கல்லூரியில் மைக்செட் என்று கூப்பிடுவார்கள். அம்மா பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் மைக்செட் வாடகைக் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம், கூட்டம், கடைத் திறப்பு எதற்கும் எங்கள் வீட்டுப் பெட்டிதான் போகும். நான் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் தூங்கி எழுந்து வளர்ந்தவள். ஒலி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா வாயிலிருந்து வசவாக வந்தவை. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினால் கூவும் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், திருப்பிய அன்று மைக்கைவிட அம்மா அதிகமாகக் கூவினாள். ஒயரை மடக்கக் கூடாது, சுற்ற வேண்டும் என்பது முதுகில் விழுந்த அடியோடு சேர்ந்து பதிந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அம்மாவுக்கு எங்கே உட்கார நேரம்?

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. பெட்டி தூக்கித் தூக்கி அவள் முதுகு போய்விட்டது. இடுப்பில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருப்பாள். மகளாவது உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போக வேண்டும். என்ன வேலை என்பதில் அவளுக்குப் பிடிவாதம் இல்லை. நாற்காலி இருந்தால் போதும்.

நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஏழு நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். அவன் கேமரா, நான் ஒலி. அவன் கை நடுங்குவதால் பிம்பம் நில்லாமல் ஆடும், அதனால் அவனுக்கு ஆட்டம் என்று பெயர். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எத்தனையாவது நடைமேடைக்கு வருகிறது என்று நாள் முழுக்க மைக்கில் சொல்கிற அக்காவைப் பற்றிய படம் அது. அவர் வீட்டுக்குப் போனால் ஒரு வார்த்தை பேச மாட்டார். புருஷன்தான் அவர் முகத்தைப் பார்த்தே குழம்பில் உப்பு போதுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நிலையத்தின் இரைச்சலையும் அந்த வீட்டின் அமைதியையும் நான் பதிவு செய்தேன். அமைதியைப் பதிவு செய்வதுதான் கஷ்டம். கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போனது.

திரையிடலுக்கு விருந்தினராக வந்தவர்களில் ஓர் அம்மா, படத்துக்குப் பின்னணிக் குரல் பதிவு செய்கிற ஸ்டுடியோ நடத்துபவர். எல்லோரும் கலைந்த பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"சவுண்டு நீதான் பண்ணியா? எனக்கு ஒரு ஆள் வேணும். பாஸ் பண்ண பேப்பரை எடுத்துட்டு வா. பேப்பர் இல்லாம யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு என் பார்ட்னர் உயிரை வாங்கறார்."

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். நாற்காலி தருவார்களா என்று கேட்டாள். தருவார்கள், சுற்றுகிற நாற்காலி என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் பின் தெரு முழுக்க அந்த நாற்காலி சுற்றி வந்துவிட்டது.

இனி கட்டுரை மட்டும்தான் பாக்கி. அரை நாளில் எழுதிக் கொடுத்தேன். "ஒலிப்பதிவு செய்தேன். நன்றாக வந்தது. காற்று அடித்த இடத்தில் மைக்குக்கு உறை போட்டேன்." இவ்வளவுதான். மறுநாளே மீள்பார்வை மையத்திலிருந்து ஆள் வந்தது.

மீள்பார்வை ஆலோசகர் குரலை உயர்த்தாதவர். தலையை ஒரு பக்கம் சாய்த்து, நமக்கு ஏதோ பெரிய இழப்பு நேர்ந்துவிட்டது போலப் பார்ப்பார். என்னைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தார். காகிதப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"எந்த இடத்துலம்மா உடைஞ்சீங்க?"

எதுவும் உடையவில்லை என்றேன். கேமரா மட்டும் உடைந்தது, ஆனால் அது ஆட்டத்தின் கையில். அடுத்தவர் அனுபவத்தைத் திருடக் கூடாது என்று மென்மையாகக் கண்டித்தார். பிறகு ஒரு தாளில் கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்கு ஒரு கோடு இழுத்தார். இதுதான் திறன் வளர்ச்சிப் பாதையாம். ஒரு மாணவி இங்கே, ஒன்றும் தெரியாத இருட்டில் தொடங்கி, நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து, கடைசியில் வெளிச்சத்துக்கு வர வேண்டும். என் கோடு எங்கே தொடங்குகிறது என்று கேட்டார். நான் மறைக்கத் தெரியாமல் மேலேயே தொடங்கி மேலேயே முடித்தேன்.

"இது பயணம் இல்லம்மா. நீங்க கிளம்பவே இல்ல," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை அவரே எடுத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் எனக்குத் தெரியாதது ஏதாவது ஒன்று இருந்திருக்குமே, யோசித்துப் பாருங்கள் என்று கெஞ்சினார். எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யோசித்து, கேன்டீன் எங்கே இருக்கிறது என்று முதல் நாள் தெரியாமல் இருந்தது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே குறித்துக்கொண்டார். ஆனால் அதை வைத்து, கட்டுரைக்கு வேண்டிய முப்பது பக்கத்தை ஓட்ட முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

விவரம் தெரிந்த மாணவர்கள் என்னைக் கல்லூரி எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதல் தடவையா என்றார். பிறகு காய்கறிக் கடைக்காரர் மாதிரி சரக்கைச் சொல்லத் தொடங்கினார்.

"ஹார்ட் டிஸ்க் அழிஞ்சது இருக்கு. குரூப்புக்குள்ள சண்டை, கடைசியில கட்டிப்பிடிச்சது இருக்கு. மழை கேக்காதீங்க, மழை போன வருஷமே தீர்ந்துபோச்சு. வீட்டுல சாவும் வேணாம். போன தடவை ஒரே தாத்தா மூணு குரூப்புக்குச் செத்துட்டாரு, ஆலோசகர் மேடம் கண்டுபிடிச்சிட்டாங்க."

நான் மைக் பேட்டரி தீர்ந்துபோனதை வாங்கிக்கொண்டேன். அதிகம் பேர் தொடாத சரக்கு என்று சத்தியம் செய்தார். படித்தால் எனக்கே அழுகை வந்தது. நடுத்தெருவில், கூட்டத்துக்கு மத்தியில், பேட்டரி தீர்ந்த மைக்கைக் கையில் பிடித்தபடி நான் யார் என்ற கேள்வி எனக்குள் எழுந்ததாகப் போட்டிருந்தது. மாற்று பேட்டரி பையில் வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

நெருக்கடிக்குப் புகைப்படச் சான்றும் இணைக்க வேண்டும். நான் தலையில் கை வைத்து உட்கார, ஆட்டம் படம் பிடித்தான். வழக்கம்போல ஆடிவிட்டது. முகமே தெரியவில்லை. ஆலோசகர் அதை நெடுநேரம் பார்த்து, மனக்கொந்தளிப்பு எவ்வளவு அருமையாகப் பதிவாகியிருக்கிறது என்று பாராட்டினார். கட்டுரையில் கையெழுத்துப் போடப் பேனாவையும் திறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆட்டம் வாசலில் நின்று, "மைக்செட், பஸ்ஸு வந்துடும், வா" என்று கூப்பிட்டான்.

ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஆலோசகர் கேட்டார். நான் ஒரு மடச்சி. அம்மாவின் கடையைப் பற்றிச் சொன்னேன். பெருமையாக வேறு சொன்னேன். அவர் பேனாவை மூடினார். வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தவர் போலச் சற்றுப் பின்னால் நகர்ந்தார்.

"அப்போ நீங்க எல்லாம் தெரிஞ்சுகிட்டுதான் உள்ள வந்திருக்கீங்க."

என் கோப்பு முன்னறிவு விசாரணைக் குழுவுக்குப் போனது. அப்படி ஒரு குழு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சேருமுன்பே ஏதாவது தெரிந்துவைத்திருக்கும் மாணவர்களைக் களையெடுப்பது அதன் வேலை. குழு தொடங்கி இத்தனை ஆண்டுகளில் நான்தான் அவர்களிடம் மாட்டிய முதல் ஆள் என்பதால் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள்.

அந்த வாரமே ஆட்டத்துக்குப் பாராட்டு விழா நடந்தது. அவன் கையில் உடைந்தது கல்லூரியின் ஒரே புதுக் கேமரா. அதை வாசல் நீரூற்றில் போட்டிருந்தான். போட்டதை அறுபது பக்கம் எழுதியிருந்தான். இருட்டு, பள்ளம், வெளிச்சம் மூன்றும் இருந்தன. பள்ளத்தில் தண்ணீரும் இருந்தது. முதல் மதிப்பெண் அவனுக்கே. நனைந்த கேமராவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். அவன் பாவம், மேடையில் என்னைப் பார்த்து நெளிந்தான். நல்ல பையன். கை மட்டும்தான் நிற்காது.

துறைத்தலைவர் பேசினார்.

"மற்றக் கல்லூரிகள் கேமராவைக் கையில் கொடுத்து மாணவனைக் கெடுக்கின்றன. நம்மிடம் இருந்தது ஒரே ஒரு புதுக் கேமரா. அதுவும் இன்று இல்லை. இதைவிடப் பெரிய வளர்ச்சி எந்தத் துறைக்கு வாய்க்கும்? படம் எடுக்கும் வேலையால் மீள்பார்வைக்கு நேரம் போதவில்லை என்பது நம் ஆலோசகரின் நெடுநாள் குறை. வரும் ஆண்டு முதல் படம் எடுப்பது அறவே நீக்கப்படுகிறது. மாணவர்கள் நேரடியாகத் திறமை வளர்ந்ததைப் பற்றி எழுதத் தொடங்கலாம்."

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். துறைத்தலைவர், ஆலோசகர், தூங்குபவர். தூங்குபவர் யார் என்று கடைசிவரை எனக்குச் சொல்லப்படவில்லை. நான் உள்ளே வரும்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு வழி, சேருமுன் நான் செய்த மோசமான ஒலிப்பதிவு ஒன்றைக் கொண்டுவருவது. இல்லையென்றால் கோப்பு மூடப்படும், தேர்ச்சி கிடையாது.

அப்படி ஒன்று என்னிடம் இல்லை. அம்மா கடையில் மோசமாகச் செய்தால் முதுகு வீங்கும், அதனால் செய்ததில்லை. புதிதாகத் தயாரித்தேன். மின்விசிறிக்குக் கீழே மைக்கை வைத்தேன். துணிக்குள் சுருட்டினேன். ஒயரைப் பாதி பிடுங்கி வைத்தேன். காது கேட்காத ஊருக்குச் செய்தது போல ஒரு பதிவு கிடைத்தது. வாழ்க்கையில் அதைப்போலக் கஷ்டப்பட்டு வேறு எதையும் செய்ததில்லை. உண்மையில் அதைப் பற்றி என்னால் முப்பது பக்கம் எழுதியிருக்க முடியும்.

குழு கேட்டது. தூங்குபவர்கூட விழித்துக்கொண்டார். துறைத்தலைவர் தலையை ஆட்டினார். இவ்வளவு கச்சிதமாகக் கெடுக்க விஷயம் தெரிந்தவரால்தான் முடியும் என்றார். என் குற்றம் இரட்டிப்பாகிவிட்டது.

ஆனால் ஆலோசகருக்கு என் மேல் இரக்கம் இருந்தது. உண்மையான இரக்கம்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து எனக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு முன்னறியாமைச் சான்று என்று பெயரும் வைத்தார். அம்மா நேரில் வந்து, குழுவின் முன்னால் ஒரு வாக்குமூலத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அன்றே தேர்ச்சிப் பத்திரம் தந்துவிடுவார்கள். வாக்குமூலத்தை அவரே அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்தார்.

அதை நான் கடைக்குக் கொண்டுபோனபோது அம்மா தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "இக்கடையில் வளர்ந்தபோதும், ஒலி சம்பந்தமாக நான் என் மகளுக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை என்றும், அவள் அறிந்தது அனைத்தும் கல்லூரியில் பெற்றதே என்றும் உறுதி கூறுகிறேன்." ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது போட்டா நாற்காலி உறுதியா?"

உறுதி என்றேன்.

"அப்போ போட்டுடலாம். நமக்கென்ன, கையெழுத்துதானே." ஒயரை எடுத்து இரண்டு சுற்று சுற்றினாள். நிறுத்தினாள். "ஏண்டி, 'ஒன்றும்'னு போட்டிருக்கே. 'பெரிசா ஒன்றும்'னு போட்டா ஒத்துக்க மாட்டாங்களா?"

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்டும் பார்த்தேன். வாக்குமூலத்தில் பேரம் பேசக் கூடாது என்றார்கள். அம்மாவிடம் வந்து சொன்னபோது, சரி விடு, சும்மாதான் கேட்டேன் என்றாள். அன்று கடையில் நான் ஒயரைத் தாறுமாறாக மடக்கி வைத்தும் அவள் திட்டவில்லை. எனக்கு அடிகூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வாக்குமூலம் படிக்க வேண்டிய நாளன்று அம்மா இடுப்புப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்தாள். மீள்பார்வை மையத்தில்தான் கூட்டம். உள்ளே நுழைந்ததும் பஞ்சுச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல ரூம், இங்கே ஏன் ரெக்கார்டிங் பண்ணாமல் கண்ணாடி வைத்திருக்கிறார்கள் என்று என் காதில் கேட்டாள். அவளுக்குக் காதில் பேசத் தெரியாது. அறை முழுக்கக் கேட்டது. ஆலோசகர் காகிதப் பெட்டியை நகர்த்தினார். அம்மா அதில் ஒன்றை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

துறைத்தலைவர் படிக்கச் சொன்னார். அம்மா எழுந்து நின்றாள்.

என் அம்மாவின் குரல் இறங்கி நான் கேட்டதில்லை. வாடகை பாக்கி வைத்த கட்சிக்காரரிடம் பேசினாலும், கடவுளிடம் பேசினாலும் ஒரே உயரம்தான். மைதானத்தின் கடைசி வரிசைக்குச் சொல்வது போலத்தான் அன்றும் தொடங்கினாள். தன் பெயர், கடை, தெரு எல்லாம் கணீரென்று சொன்னாள். "ஒலி சம்பந்தமாக நான் என் மகளுக்கு" என்று வந்த இடத்தில் குரல் சின்னதாகிவிட்டது. யாரோ பொத்தானைத் திருகிக் குறைத்ததுபோல் இருந்தது. அடுத்த சொல் வரவில்லை. கண்ணாடி மறைக்கிறது என்று சொல்லிக் கழற்றினாள். மறுபடி போட்டாள். பெரிய மனுஷி, ஊர் நடுவில் நின்று எந்தக் கொம்பனையும் கேள்வி கேட்பவள், அந்த மூன்று பேர் முன்னால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்துவிட்டேன்.

"அம்மா, உக்காரு. போதும்." குழுவைப் பார்த்துச் சொன்னேன். "எல்லாம் அம்மா சொல்லிக் குடுத்ததுதான் சார். இங்க நான் எதுவும் கத்துக்கல. கேன்டீன் எங்க இருக்குன்னு மட்டும்தான் தெரிஞ்சுகிட்டேன்."

ஆலோசகர் இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டார். துறைத்தலைவருக்கு மட்டும் முகத்தில் ஒரு நிறைவு. இப்படி ஓர் ஒப்புதல் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தீர்ப்பை உடனே சொல்லிவிடுவதாக அறிவித்து, மேடை மொழிக்கு மாறினார். தூங்குபவர் எழுதிக்கொண்டார். அதுதான் அவர் வேலை போலிருக்கிறது.

"இம்மாணவி ஒலிப்பதிவுத் தொழிலின் அனைத்து நுட்பங்களையும் இக்கல்லூரிக்கு வருமுன்பே தம் தாயாரிடம் ஐயம் திரிபறக் கற்றுத் தேர்ந்தவர் என்பது தீர விசாரித்து நிறுவப்பட்டது. இக்கல்லூரி இவருக்கு எதையும் கற்பிக்கவில்லை. கற்பிக்க முயன்றதற்கான தடயமும் இல்லை. இவரது பணியில் கல்லூரியின் சாயல் எள்ளளவும் படியவில்லை. ஆகவே இவர் தேர்ச்சி பெறவில்லை."

பேசி முடித்து எங்களைப் பார்த்தார். எவ்வளவு சுத்தமாக நிரூபித்துவிட்டோம் என்று நாங்களே பாராட்டுவோம் என எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட தீர்ப்பை மூன்று பேரும் கையெழுத்திட்டு முத்திரையோடு தந்தார்கள். ஆலோசகர் வாசல்வரை வந்து, இதை ஒரு பள்ளமாக எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடங்குங்கள் என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

வழி முழுக்க அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போதுதான் பேசினாள். கைக்கு வந்த நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வந்திருக்கிறாய், நாளைக்கு என் மாதிரி பெட்டி தூக்கு, முதுகு போகட்டும், அப்போது தெரியும் என்று தெருவே கேட்கத் திட்டினாள். குரல் பழைய உயரத்துக்கு வந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் சொன்னதும் உண்மைதான். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனேன். வேலை கேட்க இல்லை. காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான். பொய் சொல்லாமல் தாளை நீட்டினேன். ஸ்டுடியோ அம்மா நின்றபடி படித்தார். பாதியில் உட்கார்ந்தார். பிறகு உள்ளே பார்த்து, பார்ட்னரை இங்கே வரச் சொல் என்று யாரிடமோ சொன்னார்.

வந்தவர் இடுங்கிய கண்களோடு தாளை வாங்கி, முத்திரையைச் சரிபார்த்து, வாய்விட்டுப் படித்தார். "அனைத்து நுட்பங்களையும்... ஐயம் திரிபற... தீர விசாரித்து நிறுவப்பட்டது." நிறுத்தி, "இந்தக் காலேஜு யாருக்கும் இப்படி எழுதிக் குடுத்ததே இல்லையே," என்றார்.

"போன வருஷம் முதல் மார்க் வாங்கினதுன்னு ஒண்ண வேலைக்கு எடுத்தோமே," என்றார் ஸ்டுடியோ அம்மா. "மைக்கக் கீழ போட்டுட்டு, உடைஞ்சதுல என்ன கத்துக்கிட்டேன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துச்சே. அடுத்த நாள் இன்னொண்ணையும் போட்டுச்சு." என் பக்கம் திரும்பினார். "கல்லூரியோட சாயல் எள்ளளவும் படியலைன்னு அவங்களே சொல்றாங்க. இதைவிட என்ன பேப்பர் வேணும்? திங்கட்கிழமை வந்துடு."

நாற்காலி சுற்றுமா என்று மட்டும் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. சுற்றும் என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மேடை மொழியில் கேட்டபோது தேர்ச்சி இல்லை என்பது மட்டும்தான் அவள் காதில் ஏறியிருந்தது. அன்றுவரை அதை அவள் படிக்கவே இல்லை. ஃபெயில் என்றால் படிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள். இப்போது கடைப் படியில் உட்கார்ந்து, விரலை வரிமேல் வைத்து, "தம் தாயாரிடம்" என்ற இடத்தில் நின்றாள். என்னை அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னும் சத்தமா என்றாள்.

அடுத்த நாள் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், கடையில் விலைப்பட்டியலுக்கு மேலே ஆணியில் ஏறிவிட்டது. கல்லூரி முத்திரை, மூன்று பெரிய மனிதர்களின் கையெழுத்து எல்லாம் பளிச்சென்று தெரியும். வருகிற ஆள் எல்லாம் அண்ணாந்து பார்க்காமல் போக முடியாது. போன வாரம் பெட்டி எடுக்க வந்த ஒருவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பொண்ணு பாஸாகிவிட்டதா அக்கா என்று கேட்டார்.

அம்மா ஒயர் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"அவ ஃபெயிலு," என்றாள். "நான் பாஸு."